வைஃபை வருது, நெட் வரல

"வைஃபை ஃபுல்லா காட்டுதுக்கா. ஆனா ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது."

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாதங்களில் எனக்கு வரும் போன் அழைப்புகளில் பல இப்படித்தான் தொடங்கும். இது கருவிக் கோளாறுதான். ஆனால் அந்தக் கோளாறு யார் தலையில் கட்டப்படுகிறது என்பது சமூகவியல். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கடப்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் காலனி ஒன்றில் நடந்தது இது. அரசுக் கலைக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு தங்கை. அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கொரோனா காலத்தில் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த டேப்லெட் அவளிடம் இருந்தது. அத்தை வீட்டில் கேபிள்காரர் போட்டுக் கொடுத்த வைஃபை. விண்ணப்பத்துக்கு இன்னும் நான்கு நாள்தான். டேப்லெட்டில் எந்தத் தளத்தைத் தட்டினாலும் எச்சரிக்கைப் பக்கம் ஒன்று வந்து நின்றது.

கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, "லைன் கிளியரா இருக்கு. உங்க பசங்க எதையாவது நோண்டிக் கெடுத்திருக்கும். உங்களுக்கு எதுக்கும்மா டேப்பெல்லாம்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தை அதை அப்படியே நம்பிவிட்டார். "நாமதான் கெடுத்துட்டோம் போல" என்றார் என்னிடம். கருவியில் இருக்கும் கோளாறு ஒரே நிமிடத்தில் சாதியின் கோளாறாக மாறிவிடுகிறது. இப்படி மாறுவதை அவர்கள் காலம் காலமாகப் பார்த்து வந்திருப்பதால் எதிர்த்துக் கேட்கவும் தோன்றுவதில்லை.

நான் இரண்டே கேள்வி கேட்டேன். அதே வைஃபையில் இன்னொரு போனில் நெட் வருகிறதா? வந்தது. டேப்லெட்டை ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் வருகிறதா? வரவில்லை. அப்படியானால் லைனிலும் பழுதில்லை, ரவுட்டரிலும் பழுதில்லை. பிரச்சினை டேப்லெட்டுக்குள்தான்.

அதில் தேதியைப் பார்த்தோம். ஜனவரி 1, 2015.

பல மாதம் சார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடந்ததில் கடிகாரம் பின்னால் போய்விட்டது. தம்பி ஏதோ விளையாட்டுக்காகத் 'தானியங்கி நேரம்' என்பதை எப்போதோ அணைத்து வைத்திருந்தான். அதனால் நெட்டோடு இணைந்த பிறகும் அது தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. பாதுகாப்பான ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2015-இல் நிற்கும் டேப்லெட்டுக்கு இன்றைய சான்றிதழ் எல்லாமே இன்னும் பிறக்காதவை. அதனால் எல்லாத் தளங்களையும் சந்தேகப்பட்டு மறித்தது. தேதியைச் சரிசெய்ததும் பெரும்பாலானவை திறந்தன.

சில தளங்கள் அப்போதும் திறக்கவில்லை. டேப்லெட்டில் இருந்தது ஆண்ட்ராய்டு 6. உலகெங்கும் ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு 'லெட்ஸ் என்கிரிப்ட்'. அதன் மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கருவிகள் அறியாது. ஒரு மாற்று ஏற்பாட்டால் அவை சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. அந்த ஏற்பாடும் 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவி நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. அதை நிறுவியதும் மீதித் தளங்களும் திறந்தன. அந்த வீட்டில் யாரும் எதையும் கெடுக்கவில்லை. கடிகாரத்தை ஒரு தட்டில் சரிசெய்யலாம். ஆனால் பழைய கருவி வைத்திருப்பவரை இணையம் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிறது. பழைய கருவி யார் கையில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 59,048 கோடி ரூபாய் என்று அறிவித்தது. அதில் 60 விழுக்காடு ஒன்றிய அரசின் பங்கு. அதே முடிவில்தான் திட்டம் முழுக்க இணையவழிக்கு மாறியது, பணம் நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கு என்றானது. இடைத்தரகர் ஒழிவது நல்லதுதான். ஆனால் 2017-18 தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி, கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில், இணைய வசதி 14.9 விழுக்காட்டில். அதன்பிறகு கைக்குக் கை போன் வந்துவிட்டது, உண்மை. ஆனால் கணக்கெடுப்பு 'இணைப்பு இருக்கிறதா' என்று கேட்கிறதே தவிர, அந்த இணைப்பில் விண்ணப்பம் திறக்கிறதா என்று கேட்பதில்லை.

2019 செப்டம்பரில், ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. விடுதியில் போன் பயன்படுத்த விதித்த கட்டுப்பாட்டை ஏற்க மறுத்ததற்காக வெளியேற்றியதை எதிர்த்து அவர் போட்ட வழக்கு அது. அங்கே தடுத்தது விடுதி நிர்வாகம். பெயர் சொல்லி வழக்குப் போட முடிந்தது. கடப்பாக்கத்தில் தடுத்தது ஒரு தேதி. யார்மேல் வழக்குப் போடுவது? அதனால் பழியும் எளிதாகக் குடும்பத்தின்மேல் விழுகிறது.

தோழர்களே, களத்தில் இருக்கும் உங்களுக்காகச் சுருக்கமாக:

முதலில் அந்த இரண்டு கேள்விகள். டேப்லெட் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்து, வீட்டு வைஃபையில் மட்டும் செய்யவில்லை, ஆனால் மற்ற போன்கள் அதே வைஃபையில் வேலை செய்கின்றன என்றால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். அந்த வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி இணையுங்கள். ப்ராக்ஸி, நிலையான ஐபி எதுவும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எந்தக் கருவியிலும் வரவில்லை என்றால் மாதக் கட்டணம் முடிந்ததா என்று பார்த்துவிட்டு, கேபிள்காரரிடம் உறுதியாகப் பேசுங்கள். எங்கே இணைத்தாலும் அந்த ஒரு கருவியில் மட்டும் வரவில்லை என்றால் தேதி, பிறகு தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பு, பிறகு ஆண்ட்ராய்டு பதிப்பு.

இதையெல்லாம் நீங்களே தட்டிச் சரிசெய்துவிட்டு வராதீர்கள். கருவியை அந்தப் பிள்ளையின் கையிலேயே விட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களும் பார்க்கும்படி செய்யுங்கள். "நீங்க கெடுக்கல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடவே கல்லூரியில் ஒரு கோரிக்கை வையுங்கள்: விண்ணப்பக் காலத்தில் கணினி ஆய்வகத்தை மாலையிலும் திறந்து வைக்க வேண்டும். செலவில்லாத கோரிக்கை, மறுக்கக் காரணம் கிடையாது.

அந்தத் தங்கை விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள். ஓடிபி சென்னையில் கட்டட வேலையில் இருந்த அவள் அப்பாவின் போனுக்குப் போனது. சாயங்காலம் சாரத்திலிருந்து இறங்கிய பிறகுதான் அவரால் எண்ணைப் படித்துச் சொல்ல முடிந்தது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இப்போது பக்கத்துத் தெருவில் யாருக்காவது நெட் வரவில்லை என்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.