காது நுனி

நாய் விஷயத்தில் நான் வீரனல்ல. எங்கள் வண்ணார்பேட்டைத் தெருவிலிருந்து கறுப்பியை அப்புறப்படுத்தும்படி மனுக் கொடுத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

கருத்தடை முகாமுக்குக் கால்நடை மருத்துவர்கள் வந்தார்கள். 1964-இல் சென்னைப் புளூ கிராஸ் சங்கம் தொடங்கிவைத்த முறை. வேடிக்கை பார்க்கப் போனேன். ஆள் போதவில்லை. அறுவை முடிந்து மயக்கத்தில் கிடந்த கறுப்பியின் நாக்கை வெளியே இழுத்துவிட்டு, மூச்சைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

“சுலோசன முதலியார் பாலம் தாண்டி விட்டுவிடலாமே?” என்றேன்.

“பிடிச்ச இடத்திலேதான் விடணும், அண்ணாச்சி. 2001-லேருந்தே அதுதான் விதி. இது போனா, வெறிநோய்த் தடுப்பூசி போடாத இன்னொண்ணு வந்து இடத்தைப் பிடிச்சுக்கிடும்” என்றார் டாக்டர்.

சில நாட்களில், அடையாளத்துக்காகக் காது நுனி வெட்டப்பட்ட கறுப்பி தெருவுக்குத் திரும்பியது. நேரே என்னிடம் வந்து வாலை ஆட்டியது. மனுவில் என் கையெழுத்துத்தான் முதலாவது என்று அதனிடம் யார் சொல்வது?