யாப்பும் காற்றுப் பையும்

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருக்கும் இளைஞன் ஒருவன், அதன் முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு அங்கே காற்றுப் பைகள் வைக்க ஆசைப்படுகிறான். கவிதைப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். உருவம் என்று நாம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் விஷயம் எனக்கு ஸ்தூலமாகக் கண்ணில் பட்டது இந்த வண்டிக்கு அடியில்தான் என்பதே என் பதில்.

முதலில் ஆசையைச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் வரிசையாகக் குப்பங்கள். 1859-இல் வைத்த கலங்கரை விளக்கம் இந்தக் குப்பத்துக்குப் பெயர் கொடுத்தது. 2005-இல் டாட்டா ஏஸ், ஜனங்கள் வாயில் குட்டி யானை, வந்த பிறகு இம்மாதிரி ஊர்களிலும் சிறு லோடு வண்டிகள் சாதாரணமாகிவிட்டன. மீனும் ஐஸும் பின்பக்கம் ஏறுகின்றன. உப்புத் தண்ணீர் வடிந்து பட்டைகளின் இடுக்கில் துருவாகிறது. பாரம் ஏற ஏற மூக்கு தூக்குகிறது, ஸ்டியரிங் லேசாகிறது, ஹெட்லைட் ரோட்டை விட்டுத் தென்னை மட்டையைப் பார்க்கிறது. இதற்குப் பரிகாரமாகப் பின்பக்கம் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகிக் கொள்வார்கள். அது பயன் கருதிய காரியம்.

இவன் கேட்பது அதுவல்ல. "அம்மன் திருவிழா அன்னிக்கு, கோயிலாண்ட வண்டி மூக்கை எறக்கிக் குனிஞ்சு எந்திரிக்கணும் சார்" என்கிறான். செல்போனில் அமெரிக்கப் பிக்கப்புகள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறான். பயனற்ற ஆசைதான். பயனற்றது என்ற காரணத்தாலேயே எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. மீன் நாற்றமும் மாதத் தவணையுமாக ஓடும் ஒரு வண்டி ஒரு நாளாவது வேறு எதையோ செய்ய வேண்டும் என்று அவன் நினைக்கிறான். கவிதை எழுதுகிறவனின் நினைப்பும் இதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

இந்த ஆசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. கலிபோர்னியாவில் வண்டியின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது என்று 1958-இல் சட்டம் வந்தது. தாழ்த்திய கார்களில் ஊர்வலம் போவது அங்குள்ள மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்களின் பழக்கம். 1959-இல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தினார். இனி வண்டி வேண்டும்போது படியும், போலீஸைக் கண்டால் எழுந்து நிற்கும். காற்றுப் பையோ 1950களில் கிரேஹவுண்ட் பஸ்களில் பிரயாணிகளின் முதுகுக்காக வந்த சாதனம். பிக்கப் வண்டிக்காரர்கள் அதைத் தங்கள் விளையாட்டுக்குப் பிற்பாடு எடுத்துக் கொண்டார்கள். அதே 1959-இல்தான் சி. சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தார் என்பது தற்செயல். ஆனாலும் குறித்து வைக்கிறேன்.

நம் நாட்டிலும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வங்கியில் வாகனக் கடன் மேஜையில் உட்காருகிறவன் என்ற முறையில் நான் இதை அவனுக்குச் சொன்னேன். கடன் தீரும்வரை வண்டி வங்கிக்கு அடமானம் என்பதையும் சொன்னேன். கேட்டுக் கொண்டான். சட்டம் எதற்காகப் பயப்படுகிறது என்பதை மட்டும் என்னால் அவனுக்கு விளக்க முடியவில்லை. பொன்னேரிப் பக்கம் ஒரு பட்டறைக்காரர் விளக்கினார்.

பட்டறைப் பின்புறத்தில் காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு பழைய சேஸிஸ் கிடந்தது. முன்பக்க யூ போல்ட்டுகளைக் கழற்றிப் பட்டைகளை உருவி எடுத்தார். ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே, இரண்டு பக்கமும், ஏதோ பஸ்ஸிலிருந்து கழித்த ரப்பர் பைகளை வைத்துக் காற்று ஏற்றினார். சேஸிஸ் எழுந்தது. பையனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "இப்ப ஆக்ஸிலை ஒரு உதை உதைங்க தம்பி" என்றார். உதைத்தான். ஆக்ஸில் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்து கோணலாக நின்றது.

கணக்கு சுலபமானது. பையின் குறுக்களவை அழுத்தத்தால் பெருக்கினால் அது தாங்கும் பாரம். பதினாறு சென்டிமீட்டர் விட்டமுள்ள பை ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ அழுத்தம் என்றால் 500 கிலோவைத் தூக்கும். ஆனால் தூக்குவது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆக்ஸில் முன்னே போகாமல், பின்னே போகாமல், பக்கத்தில் சரியாமல், பிரேக் பிடிக்கும்போது உருளாமல் இருக்க வேண்டும். இத்தனையையும் பார்த்துக் கொண்டிருந்தது பட்டை. அதன் ஒரு காது சேஸிஸில் நிலையாகவும் மறு காது ஷேக்கிளில் ஆடும்படியும் மாட்டியிருக்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து குதியைக்கூடக் கொஞ்சம் அடக்குகின்றன. பட்டையை எடுத்தால் நீளவாக்கில் கீழேயும் மேலேயும் கம்பிகள் வேண்டும். குறுக்கே ஒரு கம்பி வேண்டும். தனியாக நல்ல ஷாக் அப்சர் வேண்டும். கம்பிகள் ஆடும் வட்டமும் ஸ்டியரிங்கின் டிராக் லிங்க் ஆடும் வட்டமும் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பும். இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் பாரம் விழும் பையிலிருந்து காற்று மறு பைக்கு ஓடி வண்டியை இன்னும் சாய்க்கும். எனவே பைக்கு ஒரு வால்வு.

பையன் விரல் விட்டு எண்ணினான். பிறகு, "அப்ப பட்டையே இத்தினி வேலையும் பண்ணிக்கினு இருந்துச்சா?" என்றான். நான் சமீபத்தில் கேட்ட மிகச் சிறந்த விமர்சன வாக்கியம் இது.

இந்த அறிவு அவன் குப்பத்துக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் அலையில் ஆணி அடித்த படகுகள் உடைந்தன. பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் பிழைத்தன. கட்டுமரமும் அப்படித்தான். கயிறு அலைக்கு விட்டுக் கொடுக்கும். ஆனால் எந்த மரத்தையும் தன் இடத்தை விட்டுப் போக விடாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, இங்கே கட்டுமரம் அபூர்வமாகிவிட்டது. தளர்வும் பிடிப்பும் ஒரே கயிற்றின் வேலைகள் என்பதைப் பையனின் பாட்டனார் விரல்கள் அறிந்திருக்கும். பையன் அதை இரும்பில் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

நம்மிடம் வருகிறேன். யாத்தல் என்றால் கட்டுதல். தளை, தொடை ஆகியவையும் கட்டுகிற, தொடுக்கிற சொற்கள்தான். ந. பிச்சமூர்த்தி 1934-இல் மணிக்கொடியில் 'காதல்' எழுதியதிலிருந்து அந்தக் கட்டைக் கழற்றிக் கொண்டு வந்திருக்கிறோம். கழற்றியது நியாயம். துருப்பிடித்த பட்டையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. ஆனால் யாப்பு ஓசைக்காக மட்டும் இருந்தது என்று எண்ணியதில்தான் கோளாறு. எந்த வரிக்குப் பின் எந்த வரி, எங்கே நிறுத்தம், எந்தச் சொல் மேல் பாரம் என்பதையெல்லாம் அது சத்தமில்லாமல் பார்த்துக் கொண்டிருந்தது. பிச்சமூர்த்தி இதை உணர்ந்தவர். பேச்சின் தாளம், படிமங்களின் தொடர்ச்சி என்று வேறு கம்பிகளைப் பூட்டிய பிறகே வண்டியை ரோட்டுக்குக் கொண்டு வந்தார். இன்று என் மேஜைக்கு வரும் தொகுப்புகளில் பல, காற்று நிரப்பிய சேஸிஸ்கள். நிற்கும்போது அழகாக எழுந்து நிற்கின்றன. ஓர் உதைக்கு அடுத்த வரி எந்தப் பக்கம் போகும் என்று எழுதியவருக்கே தெரிவதில்லை.

இதற்கு மாற்றாகப் பழைய பட்டையையே திரும்பப் பூட்டு என்கிற மரபுக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் வண்டி ஒருபோதும் குனியாது. பையன் கேட்பது குனிந்து எழுகிற வண்டி. அந்தக் கேள்வி சரியானது. தன் வண்டியைத் தொடாமல், பட்டறைக்காரரின் அந்தச் செத்த சேஸிஸில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு கம்பியாக வெட்டிப் பற்றவைத்துக் கொண்டிருக்கிறான். குறுக்குக் கம்பி இரண்டு தடவை நீளம் தப்பிப் போயிற்று. புதுக் கவிஞர்களில் எத்தனை பேர் பிரசுரத்துக்கு முன் இப்படி ஒரு சேஸிஸை வீணாக்கியிருக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.