ஒரே காருக்குப் பல பெயின்ட்

கோழிப்பண்ணை வைத்து நொடித்துப்போன டெக்ஸாஸ்காரர் கரோல் ஷெல்பி. 1959-ல் ராய் சால்வடோரியோடு சேர்ந்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தவர். ஆனால் இதயம் மக்கர் செய்தது. 1960-ல் நாக்கடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரையை வைத்துக்கொண்டே ஓட்டினார்! அந்த வருடத்தோடு பந்தயம் முடிந்தது.

ஓட்ட முடியாவிட்டால் என்ன, கார் செய்யலாமே? கையில்தான் முதல் இல்லை. பிரிட்டனின் ஏசி கம்பெனியிடம் எடை குறைந்த கார், ஃபோர்டிடம் வி8 எஞ்சின். இரண்டையும் சேர்த்து 1962-ல் பிறந்தது கோப்ரா. இருந்ததோ ஒன்றே ஒன்று. பத்திரிகைகள் ஓட்டிப்பார்க்கக் கேட்டபோதெல்லாம் அதற்கே புதுப்புது நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். படித்தவர்கள் கார்கள் வரிசையாக வந்துகொண்டிருப்பதாக நம்பினார்கள். (விளம்பரமா, ஏமாற்றா? இரண்டும்தான்!)

அந்த முதல் காரை மட்டும் அவர் கடைசிவரை விற்கவில்லை. 2012-ல் அவர் காலமானார். 2016-ல் அது 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.