கன்னியாகுமரிக்கு நேர் கிழக்கே

ஜாய்டிஸ் ரெசல்யூஷன் ஆய்வுக் கப்பல்,
வங்காள விரிகுடா,
மார்ச் 2015

அன்புள்ள சேகர்,

எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். வரைபடத்தில் கன்னியாகுமரி மேல் விரலை வை. இலங்கையைத் தாண்டிக் கிழக்கே நேராகப் போ. அந்த 8 டிகிரி வட அட்சக் கோட்டில்தான் ஏழு இடங்களில் துளை போடுகிறோம். கீழே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். அதற்கும் அடியில், கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரித்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்.

இந்த ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சுகிற பேச்சே இல்லை. அடியில் 12 த்ரஸ்டர்கள், அதாவது உந்து விசிறிகள், ஓயாமல் ஓடி கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைக்கின்றன. கப்பலின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அதன் மேல் கோபுரம். ஓட்டை வழியாகக் குழாயோடு குழாய் மாட்டிக் கடலடி வரை இறக்குகிறார்கள். மண் எடுக்க ஒவ்வொரு தடவையும் அத்தனை குழாயையும் மேலே இழுப்பார்கள் என்றுதானே நினைக்கிறாய்? குழாய் அங்கேயே நிற்கும். அதற்குள் ஓர் உருளை மட்டும் கம்பிவடத்தில் ஏறி இறங்கும். மேலிருந்து தண்ணீரை அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதைப் பிடித்திருக்கும் ஊசிகள் முறியும், உருளை 9.5 மீட்டர் பாய்ந்து சேற்றில் குத்தும். சுழலாமல் குத்துவதால் அடுக்குகள் கலைவதில்லை. இங்கே தொல்லை மணல்தான், முழு நீளம் போக விடாது. 4.7 மீட்டர் குட்டை உருளைதான் மானத்தைக் காப்பாற்றுகிறது.

உருளை மேலே வந்து, "கோர் ஆன் டெக்!" என்று ஒலிபெருக்கி கத்தியதும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுகிறவர்களைப் பார்க்க வேண்டும். உருளைக்குள் இருக்கும், சேறு நிறைந்த பிளாஸ்டிக் குழாயை வரிசையாகத் தாங்கி வந்து கிடத்தி, துடைத்து, 1.5 மீட்டர் துண்டுகளாக அறுத்து, இரு முனையிலும் அசிட்டோன் தடவி மூடி ஒட்டுகிறார்கள். அந்த நெடி சட்டையை விட்டுப் போவதே இல்லை. மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு நிறமில்லாதது. ஒரு துண்டு தலைகீழானால் பழையது புதியதாகிவிடும். இத்தனை கோடிச் செலவும் வீண். கப்பலில் நான் மிகவும் மதிக்கிற கருவி எது என்றால் அந்த நீல மூடி என்பேன்.

அப்புறம் அடர்த்தி, காந்தத்தன்மை எல்லாம் அளந்துவிட்டு நீளவாக்கில் பிளப்பார்கள். கல்லென்றால் ரம்பம், சேறென்றால் கம்பி போதும், அவித்த முட்டையை நூலால் அறுக்கிற மாதிரி. ஒரு பாதியில் எல்லாரும் மாதிரி எடுக்கலாம். இன்னொரு பாதி காப்பு: படம் பிடிக்கலாம், பார்த்து விவரம் எழுதலாம். விவரம் எழுதுவதுதான் என் வேலை. பல்குச்சி நுனியில் துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்க மட்டும் அனுமதி. நேற்று பிளந்த துண்டில் சாம்பல் நிற மணல். விளக்கைச் சாய்த்தால் முழுக்கக் காக்காப்பொன் மினுக்குகிறது. மலையிலிருந்து இத்தனை தூரம் வந்தும் அந்தத் தகடுகள் பொடியாகவில்லை.

கொழும்பில் எங்கள் பயணம் முடிகிறது. வண்டல் அங்கிருந்து கொச்சிக் கிடங்குக்குப் போகும். நம் கொச்சி இல்லை, ஜப்பானில் இருப்பது. இறங்கியதும் போன் செய்கிறேன். நள்ளிரவு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

அன்புடன்,
ரவி