தபதிக் கரையில் ஒரு சிற்றாந்தை

காசிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காஷ்மீரத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஷஹாதா போகிறேன் என்று ஒருவன் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பார்கள்; பிறகு தேசப் படத்தைப் பார்ப்பார்கள். படத்தில் அந்த ஊரைக் கண்டுபிடிப்பதும் சற்றுச் சிரமந்தான். மகாராஷ்டிரத்தின் வடமேற்கு மூலையில், குஜராத்தும் மத்தியப் பிரதேசமும் வந்து முட்டுகிற இடத்தில் நந்துர்பார் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. முற்காலத்தில் கான்தேசம் என்று வழங்கிய பிரதேசத்தின் மேற்குப் பகுதி அது. தபதி நதி அதன் ஊடே மேற்கு நோக்கி ஓடுகிறது. நதிக்கு வடக்கே சாத்புரா மலைத் தொடர். நதிக்கும் மலைக்கும் நடுவில் ஷஹாதா.

அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். 113 வருஷ காலம் உலகம் தொலைத்துவிட்டிருந்த ஒரு சின்னஞ்சிறு ஆந்தை அந்த ஊருக்குப் பக்கத்திலேதான் மறுபடியும் அகப்பட்டது. அது தொலைந்த விதமும் அகப்பட்ட விதமும் ஒரு நல்ல துப்பறியும் கதைக்குக் குறைந்தவையல்ல. அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. ஒரு தை மாதத்தில் அது கைகூடிற்று.

சூரத்திலிருந்து புசாவலுக்குப் போகும் ரயில் பாதையில் நந்துர்பாரில் இறங்கினேன். மிளகாய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். ஆனால் அந்த ஊர் மக்கள் வெளியூர்க்காரனுக்கு முதலில் காட்டுவது மிளகாய் மண்டியை அன்று. சிரீஷ்குமார் என்ற பள்ளிச் சிறுவனின் நினைவுச் சின்னத்தைத்தான். 1942-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி, மூவர்ணக் கொடியுடன் ஊர்வலம் சென்ற சிறுவர்கள்மீது போலீஸார் சுட்டதில் அவனும் இன்னும் நால்வரும் உயிர் துறந்தார்கள். நாள், இடம், பெயர் எல்லாவற்றையும் ஊரார் பிழையின்றிச் சொல்கிறார்கள். உண்மையாய் நடந்ததை உள்ளபடி குறித்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்ற எண்ணத்தோடு பஸ் ஏறினேன். நான் வந்த காரியமும் அதைப் பற்றியதுதானே!

பிரகாஷா என்னும் க்ஷேத்திரத்தில் பஸ் தபதியைக் கடக்கிறது. தக்ஷிண காசி என்று அதற்குப் பெயர். கரையில் பழைய சிவாலயங்கள். அதற்கப்பால் ஷஹாதா வரையில் வாழையும் கரும்பும் பருத்தியும் மாறி மாறி வருகின்றன. நல்ல கரிசல் பூமி. வடக்கே மட்டும் தொடுவானத்தில் மலை ஒரு நீலக் கோடாகத் தெரிந்துகொண்டே இருக்கிறது. முன்னொரு காலத்தில் காடு அந்த நீலக் கோட்டிலிருந்து இறங்கிச் சமவெளி வரையில் வந்திருந்தது.

இனி ஆந்தைக்கு வருவோம்.

காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையான ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமை நேயர்கள் நன்கு அறிவார்கள். அவர் பக்ஷி சாஸ்திரத்திலும் ஒரு மகாசபையே நடத்தி வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. தேசமெங்கும் இருந்த உத்தியோகஸ்தர்கள் தாங்கள் கண்ட பறவைகளைப் பற்றி அவருக்கு எழுதினார்கள். பாடம் செய்த உடல்களையும் அனுப்பினார்கள். 1872-ஆம் வருஷக் கடைசியில், இன்றைய சத்தீஸ்கரிலுள்ள புல்ஜார் பக்கத்திலிருந்து பிளூயிட் என்பவர் ஒரு சிற்றாந்தையை அனுப்பினார். நம் ஊர்களில் மரப் பொந்திலும் பாழ்மண்டபத்திலும் குடியிருக்கும் புள்ளி ஆந்தையைப் போன்ற அளவுதான். ஆனால் தலையில் புள்ளிகள் அநேகமாய் இல்லை. வயிற்றின் அடிப்பாகம் வெள்ளை. கால்களில் அடர்ந்த வெண்தூவி. உடலுக்குச் சற்றுப் பெரிதான அலகும் பாதங்களும். இது வேறு இனம் என்று கண்ட ஹ்யூம், 1873-ல் அதற்கு பிளூயிட்டின் பெயரையே இட்டார். தமிழில் காட்டுச் சிற்றாந்தை என்று சொல்லலாம்.

ஹ்யூமின் கதையில் ஒரு துயரமும் உண்டு. சிம்லாவில் அவர் பல வருஷங்களாக எழுதிச் சேர்த்திருந்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் ஊரில் இல்லாத சமயத்தில், வேலையாள் ஒருவன் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டான்! மனமுடைந்த ஹ்யூம் தம்முடைய சேகரிப்பு முழுவதையும், பறவை உடல்களும் முட்டைகளுமாக எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றை, 1885-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் டிசம்பரிலேதான் பம்பாயில் காங்கிரஸின் முதற் கூட்டம் நடந்தது. நம்முடைய காட்டுப் பறவைகளுக்கு ருசு வேண்டுமானால் லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டும் என்ற நிலைமை இவ்விதம் ஏற்பட்டது.

புல்ஜாருக்குப் பிறகு, இன்றைய ஒடிசாவைச் சேர்ந்த கரியார்ப் பகுதியில் ஒரு சிற்றாந்தை கிடைத்தது. அதன் பிறகு ஷஹாதாவைச் சுற்றிய காடுகளில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற சிவில் சர்வீஸ்காரர் சிலவற்றைச் சுட்டுப் பாடம் செய்தார். 1884-க்குப் பிறகு உண்மையில் யார் கண்ணிலும் அது படவில்லை. உலகத்து மியூஸியங்களில் இருந்தவை ஏழே உடல்கள்.

அந்த ஏழில் ஒன்றின் காலில் கட்டியிருந்த சீட்டு மட்டும் வேறு கதை சொல்லிற்று. 1914-ஆம் வருஷம், தபதிக் கரையிலுள்ள மாண்ட்வி என்ற ஊரில் கிடைத்தது என்று அதில் எழுதியிருந்தது. மாண்ட்வி குஜராத்தில், ஷஹாதாவுக்கு மேற்கே, சூரத்துக்குச் சமீபத்தில் இருக்கிறது. எழுதியவர் கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். பெரிய யுத்த வீரர், பெரிய பக்ஷி சாஸ்திரி, பெரிய மனிதர். பெரிய மனிதரின் சீட்டை யார் சந்தேகிப்பார்கள்? முப்பது வருஷம் பிந்திய தகவலாகையால் அதுவே சிறந்த துப்பு என்று கொண்டார்கள். பிற்காலத்தில் ஸாலிம் அலி, டில்லன் ரிப்ளே போன்ற மகா நிபுணர்களும் இந்த ஆந்தையைத் தேடிப் பார்த்துக் காணாமற் போனார்கள். நாக்பூர்ப் பக்கத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்தபோது கொஞ்சம் பரபரப்பு உண்டாயிற்று. பரிசீலித்ததில் அது சாதாரணப் புள்ளி ஆந்தை என்று ஏற்பட்டது. பறவை பூண்டற்றுப் போய்விட்டது என்று பலரும் கைவிட்டார்கள்.

அமெரிக்காவில் பமேலா ராஸ்முஸ்ஸன் என்ற பெண்மணி, தெற்கு ஆசியப் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்றுக்காக மியூஸிய உடல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வந்தார். கர்னலின் சேகரிப்பைப் பற்றி ஏற்கனவே முணுமுணுப்பு இருந்தது. 1919-லேயே, அநுமதியின்றிப் பறவை உடல்களை எடுத்துச் சென்றதற்காக, பிரிட்டிஷ் மியூஸியத்தின் பறவைக் கூடத்துக்குள் அவரைச் சில காலம் அநுமதிக்கவில்லை. 1993-ல் ஆலன் நாக்ஸ் என்பவர் கர்னலின் வேறு சில பறவைகள் திருட்டுச் சொத்து என்று காட்டியிருந்தார். ராஸ்முஸ்ஸனும் நைஜல் காலரும் அந்த 1914-ஆம் வருஷத்து ஆந்தையை எக்ஸ்-ரேயில் வைத்துப் பார்த்தார்கள். தையலைப் பிரித்து, உள்ளே அடைத்திருந்ததை மாற்றி, மறுபடியும் தைத்த அடையாளங்கள் வெளிப்பட்டன. ஆதியில் அதைப் பாடம் செய்த கையும் யாருடையது என்று தெரிந்தது. ஒவ்வொரு தையற்காரனுக்கும் ஒரு தையல் இருப்பதுபோல, பறவையைப் பாடம் செய்கிறவனுக்கும் ஒரு பாணி உண்டு. அது டேவிட்சனின் பாணி! மியூஸியத்திலிருந்து டேவிட்சனின் பறவை ஒன்றைத் திருடி, பழைய சீட்டைக் களைந்து, புதுச் சீட்டைக் கட்டித் தமது என்று கொடுத்திருக்கிறார் கர்னல். இந்த ஆராய்ச்சி முழுவதும் 1999-ல் அச்சில் வெளிவந்தது.

கர்னல் திருடியது ஒரு செத்த பறவையை மட்டுமன்று. சீட்டு என்பது சாட்சியம். பொய்ச் சாட்சியம் உயிரோடிருக்கும் பறவையையும் ஒளித்துவிடுகிறது. தேடுகிறவர்களை அது தவறான இடத்துக்கு அனுப்புகிறது. அங்கே கிடைக்காதபோது, எங்குமே இல்லை என்று முடிவு கட்ட வைக்கிறது. இல்லாத பறவைக்காகக் காட்டைக் காப்பாற்றச் சொல்லி யார் வாதாடுவார்கள்?

மாண்ட்விக் குறிப்பை அடித்துவிட்டு, நம்பத்தக்க சீட்டுகள் சொல்லும் ஊர்களுக்கு மட்டும் போவது என்று தீர்மானித்து, 1997 நவம்பரில் ராஸ்முஸ்ஸன், பென் கிங், டேவிட் அபட் ஆகிய மூவரும் இந்தியா வந்தார்கள். முதலில் கிழக்கே தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறகு ஷஹாதா வந்தார்கள். நவம்பர் 25-ஆம் தேதி காலை, மலையடிவாரத்தில், ஓர் இலையற்ற மரத்தின்மேல் பட்டப் பகலில் உட்கார்ந்திருந்த சிற்றாந்தையைக் கிங் சுட்டிக் காட்டினார். புள்ளியில்லாத தலை, வெள்ளை வயிறு, தூவியடர்ந்த கால்கள்! ஆனந்தக் கூத்தாடுவதற்கு முன் அவர்கள் செய்த வேலை அதைப் படம் பிடித்ததுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் துப்பாக்கி செய்த வேலையைக் காமிரா செய்தது; பறவை உயிரோடு இருந்தது.

அதன் பின் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் தேடியதில் தோரண்மால் மலையிலும், மேல்காட்டிலும், மத்தியப் பிரதேசத்துக் கண்ட்வா பகுதியிலும் சிற்றாந்தைகள் அகப்பட்டன. 2014-ல் மும்பைக்கு அருகில் தான்சா சரணாலயத்திலும் கண்டார்கள். அடுத்தாற்போல் தென் குஜராத்தின் டாங்ஸ் காடுகளிலுள்ள பூர்ணா சரணாலயத்திலிருந்தும் செய்தி வந்தது. பூர்ணாவுக்கும் மாண்ட்விக்கும் அதிக தூரமில்லை. அப்படியானால் கர்னல் சொன்னது மெய்தானோ என்று சிலருக்குத் தோன்றலாம். அது தப்பு. பொய் சொல்லுகிறவன் வாயில் எப்போதாவது உண்மை தற்செயலாக விழுந்துவிடுவது உண்டு. அதனால் அது சாட்சியமாகிவிடாது. டாங்ஸ் காட்டில் ஆந்தை இருப்பதை நாம் நம்புவது, அங்கே கண்டவர்கள் காட்டிய ருசுவினால். கர்னலின் சீட்டினால் அல்ல.

ஷஹாதாவில் ஒரு நண்பர் ஏற்பாட்டில் வயதான பாவரா மனிதர் ஒருவர் என்னை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனார். இலையுதிர்க்கும் தேக்கங்காடு. அங்கங்கே காட்டை வெட்டிப் போட்ட வயல்கள். வெட்டிய மரங்களின் கட்டைகள். சர்தார் ஸரோவர் அணையினால் ஊரிழந்தவர்களைக் குடியேற்றுவதற்காக, பக்கத்துத் தளோதாவில் காட்டு நிலத்தை ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் எடுத்தார்கள். அணைக்காக வீட்டை இழந்தவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனாலும் ஆந்தைக்குப் பொந்துள்ள முதிய மரம் போய்விட்டது என்பதும் உண்மை. ஆந்தையின் முட்டைக்கும் உறுப்புகளுக்கும் மந்திர சக்தி உண்டென்ற மூட நம்பிக்கை வேறு. இதைச் சொல்லி நாம் சிரிக்க வேண்டாம். ஆந்தை ஒரு குரல் அலறினால் இன்ன பலன், இரு குரல் அலறினால் இன்ன பலன் என்று கணக்கு வைத்திருந்த பாட்டிமார் நம் வீடுகளிலும் இருந்தார்கள்.

வெயில் ஏறிய சமயத்தில், ஒரு மொட்டை மரத்திலிருந்து சிறிய ஆந்தை ஒன்று எழுந்து ஓடைக்கு அப்பால் பறந்து மறைந்தது. பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் கிளை வெறுமையாகிவிட்டது.

“காகா, அதுதானா?” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஆவலோடு கேட்டேன்.

பெரியவர் அவசரப்படவில்லை. “முதுகைத்தானே பார்த்தோம், குருஜி! முகத்தைப் பார்க்கவில்லையே. நான் எப்படிச் சொல்வது?” என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கும், அத்தனை படித்த கர்னலுக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒரு வார்த்தையில் தெரிந்தது. என் நோட்டுப் புத்தகத்தில் நாளும் இடமும் மணியும் எழுதி, ‘சிற்றாந்தை ஒன்று, இனம் நிச்சயமில்லை’ என்று குறித்துக்கொண்டேன். சாயங்காலம் வரை சுற்றியும் வேறு ஒன்றும் தென்படவில்லை.

2016-ல் இந்தியப் பறவைகளின் புதிய ஜாபிதா ஒன்று வெளிவந்தது, 1263 இனங்கள். ருசு போதாத பெயர்களை அதில் சேர்க்கவில்லை. உடலோ, படமோ, குரல் பதிவோ ஏதாவது ஒன்று கேட்டார்கள். கண்டவர் எவ்வளவு பெரியவர் என்று மட்டும் பார்க்கவில்லை. 2018-ல் காட்டுச் சிற்றாந்தையை ‘மிக மிக அபாயத்தில் உள்ளது’ என்ற வகுப்பிலிருந்து ஒரு படி தாழ்த்தி, ‘அபாயத்தில் உள்ளது’ என்ற வகுப்பில் சேர்த்தார்கள். ஆனால் உலகத்திலுள்ள வளர்ந்த பறவைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்றே மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவும் நம் தேசத்தில்தான், வேறெங்கும் கிடையாது.

இந்தக் காரியத்தில் நம் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கொல்லையில் பழக்கமில்லாத பறவை ஒன்று வந்து உட்கார்ந்தால், குழந்தைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். தேதி, மணி, இடம், எவ்வளவு தூரத்தில் இருந்தது, பார்த்தது எது, பார்க்காதது எது, கூட இருந்தவர் யார் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதட்டும். அந்த நோட்டுப் புத்தகம் நிறைந்த பிறகு பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பழைய காகிதக்காரனுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்!