தலையில் ஊற்றிய எண்ணெய்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை முதல் விளவங்கோடு வரையிலான நான்கு தாலுகாக்கள் தமிழ்நிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. இந்த எல்லையோரத்தில் ஒரே சொல் இரண்டு வடிவங்களில் ஒலிக்கிறது. தமிழ் வேதாகமம் வாசிக்கும் வீடுகளில் அது 'மேசியா'. 2017இல் பாறசாலையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் வழிபாட்டிலோ 'மிசிஹா'. முன்னது கிரேக்கத்தின் 'மெசியாஸ்' வழியே கடல் கடந்து வந்தது. பின்னது சுறியானி வழியே வந்தமையால் மூலத்துக்குச் சற்று நெருங்கி நிற்கிறது. அந்த மூலம் எபிரேயத்தின் 'மாஷியாக்'. 'எண்ணெய் பூசப்பட்டவன்' என்பதே அதன் நேர்ப்பொருள்.

எபிரேய வேதத்தில் ஏறத்தாழ 40 இடங்களில் வரும் இச்சொல், பெரும்பாலும் உயிரோடு அரியணையில் இருக்கும் அரசனையே குறிக்கிறது. தன்னைக் கொல்லத் தேடிய சவுலைக் குகையில் தனியே கண்டும் தாவீது கை ஓங்கவில்லை. எண்ணெய் வார்க்கப்பட்ட தலை அது. லேவியராகமம் தலைமைக் குருவையும் இச்சொல்லால் சுட்டுகிறது. ஏசாயா 45ஆம் அதிகாரம் இன்னும் வியப்பானது. அங்கே இப்பட்டத்தைப் பெறுபவன் யூதனே அல்லாத பாரசீக அரசன் கோரேசு. கடைசி நாளில் வரவிருக்கும் மீட்பர் என்ற பொருள் தாவீதின் அரசு அழிந்த பின்னரே மெல்லத் திரண்டது. கி.மு. முதல் நூற்றாண்டின் 'சாலமோனின் சங்கீதங்கள்' தாவீதின் மகனாக ஓர் அரசனை எதிர்நோக்குகின்றன. 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களோ ஆரோன் வழியில் ஒருவரும் இஸ்ரயேல் வழியில் ஒருவருமாக இருவரை எதிர்பார்க்கின்றன. 'யூதர்களின் மேசியா' என்று ஒருமையில் எழுதிச் செல்லும் ஆய்வேடுகள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

தமிழ் வாசகருக்கு இவ்வரலாறு எட்டாமற்போனதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். புழக்கத்திலுள்ள பழைய திருப்புதல், சவுல், கோரேசு முதலியோர் வருமிடங்களில் 'அபிஷேகம்பண்ணப்பட்டவர்' என்ற வகையில் எழுதிவிட்டு, தானியேல் 9ஆம் அதிகாரத்தில் மட்டும் 'மேசியா' என்ற அயற்சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. எபிரேயத்தில் எல்லா இடங்களிலும் ஒரே சொல்தான். இதனால் மேசியா என்பவர் தொடக்கத்திலிருந்தே தனியொரு ஆள் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. 'யூதர்கள் அவரை அடையாளங்காணத் தவறினர்' என்ற பிரசங்க வாக்கியம் இந்த எண்ணத்தின்மேல்தான் நிற்கிறது. யூத மரபு வைத்த அளவுகோல்களோ வெளிப்படையானவை: சிதறியோர் நாடு திரும்புதல், ஆலயம் எழுதல், அந்நிய ஆட்சி நீங்குதல். கி.பி. 132இல் உரோமுக்கு எதிராக எழுந்த பார் கோக்பாவை மேசியா என ஏற்றவர் ரபி அகிபா. 135இல் அவன் வீழ்ந்ததோடு அவ்வேற்பும் முடிந்தது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் இதைச் சட்டமாகவே எழுதினார்: தோற்றவனோ கொல்லப்பட்டவனோ வாக்களிக்கப்பட்டவன் அல்லன். இங்கே கேள்வி நம்பிக்கைக் குறைவு பற்றியதன்று, ஓர் அரசன் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்பது பற்றியது.

இந்த அரசியல் வேரைப் புரிந்துகொள்ள எருசலேம்வரை போக வேண்டியதில்லை. இதே சாலையில் தெற்கே சென்றால் சாமித்தோப்பு வந்துவிடும். அங்கே முத்துக்குட்டி என்ற பெயரில் வளர்ந்தவர் 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்டதாக அகிலத்திரட்டு அம்மானை பாடுகிறது. அவரை மேசியா என்று அழைக்கும் ஆய்வுகள் உண்டு. அவ்வொப்பீடு ஓர் எல்லைவரை மட்டுமே செல்லும். யுகங்கள் சுழலும் காலக் கணக்கு எபிரேயருடையது அன்று. ஆனால் நாடாள்பவனைக் கலிநீசன் என்று பெயரிட்டு, தர்மயுகத்தின் ஆட்சியை அறிவித்தபோது, அது வெறும் பக்திப் பேச்சு அல்ல என்பது அரண்மனைக்குப் புரிந்திருந்தது. பத்மநாபனின் தாசனாக ஆண்ட சுவாதித் திருநாளின் காலத்தில் வைகுண்டர் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறையிருந்தார். அரியணையைப் பற்றிய சொல்லாக அதைக் கேட்டதில், பின்வந்த இறையியலாளர் பலரைவிட அந்த அரசவை கூர்மையாகவே இருந்தது எனலாம்.

வைகுண்டர் 1851இல் மறைந்தார். மைமோனிடிசின் கணக்கில் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தலைப்பாகை மறுக்கப்பட்ட சாதிகளின் ஆண்கள், அய்யாவழிப் பதிகளுக்குள் இன்றும் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் நுழைகிறார்கள். கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. கும்பிடுபவருக்கு அதில் தெரிவது தலைப்பாகை அணிந்த தம் முகமே.