செருப்புக்கு ஒரு டோக்கன்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு வரும் வெளியூர்க்காரர்களின் முதல் கவலை செருப்பை எங்கே விடுவது என்பதுதான். பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையையும் கழற்ற வேண்டும். பக்கத்திலுள்ள குதிரமாளிகை கோயில் அல்ல, அருங்காட்சியகம். ஆனாலும் அங்கேயும் வெறுங்கால்தான். சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சி: 1829-46) கட்டிய அரண்மனை அது. கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். உள்ளே தந்தச் சிம்மாசனம், கண்ணாடிச் சிம்மாசனம், ஆளுயரக் கதகளிப் பொம்மைகள். பளபளக்கும் தரை பாதத்துக்குச் சில்லென்று இருக்கிறது.

செருப்பு வெளியே காத்திருக்கும் அருங்காட்சியகம் இது. செருப்பையே உள்ளே வைத்துப் போற்றும் அருங்காட்சியகமும் உண்டு. கனடாவின் டொரன்டோ நகரில் சோன்யா பாட்டா 1995இல் திறந்த பாட்டா காலணி அருங்காட்சியகத்தில் 13,000க்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. கட்டடமே அட்டைப் பெட்டி வடிவம். அங்கிருந்த ஹைதராபாத் நிஜாமின் ரத்தினம் பதித்த காலணிகள் 2006இல் திருடுபோய், பிறகு மீட்கப்பட்டன.

ஆனால் செருப்பின் வரலாறு என்பது அணிந்தவர்களின் வரலாறு மட்டுமல்ல. அணியக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் வரலாறும்தான். அந்தப் பாதியைத் தேட திருவிதாங்கூரைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூல் 1871இல் வெளிவந்தது. 'தர்ம பூமி' என்று பொருள்படும் தலைப்பு. உள்ளே இருப்பதோ தடைகளின் பட்டியல். நாடார் உள்ளிட்ட சாதியினர் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது. மழை கொட்டித் தீர்க்கும் நாட்டில் தலைக்குக் குடையும் இல்லை, காலுக்குச் செருப்பும் இல்லை.

இத்தனைக்கும் செருப்புக்கு இங்கே மரியாதை இல்லாமல் இல்லை. ராமனின் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து பரதன் நாடாண்ட கதையைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. அரங்கனின் பாதுகைகள்மீது வேதாந்த தேசிகர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் பாடினார். தமிழ்நாட்டுப் பெருமாள் கோயில்களில் பக்தர்கள் தலைகுனிந்து ஏற்கும் சடாரியில் இருப்பதும் பெருமாளின் பாதங்கள்தான். கடவுளின் பாதுகை தலைமேல் ஏறலாம். தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவரோ தீண்டத்தகாதவர்.

தடைகள் தானாக விலகவில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகே 1859இல் அவர்கள் மேலாடை அணியலாம் என்ற அரச அறிவிப்பு வந்தது. அதற்கும் 34 ஆண்டுகள் கழித்து, வெங்ஙானூரில் புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்வண்டி பூட்டி, தலைப்பாகையும் மேல்துண்டுமாகப் பொதுச்சாலையில் இறங்கினார். அவருடைய மக்கள் அந்தச் சாலைகளில் நடக்கவே அனுமதி இல்லாத காலம். பாலராமபுரத்தில் கைகலப்பே நடந்தது.

கடைசியில் 1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதில் இந்துக்கள் அனைவரும் சமமாகும் வாய்ப்பு அன்றுதான் பிறந்தது. கழற்றுவதற்குக் காலில் செருப்பு இருக்க வேண்டும், கழற்றிய பின் உள்ளே போக வழியும் இருக்க வேண்டும். அதுவரை பலருக்கு இரண்டுமே இல்லை.

கிழக்கேகோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் வெள்ளயம்பலம் வந்துவிடும். இந்திரா காந்தி 1980இல் திறந்துவைத்த அய்யன்காளி சிலை அங்கே சாலைச் சந்திப்பில் நிற்கிறது. வழியில், 1896இல் கட்டப்பட்ட விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019 முதல் அவர் பெயர்தான்.

கோயில் வாசலில் இன்றும் கூட்டம் குறைவதில்லை. தரிசனம் முடிந்தவர்கள் டோக்கனைக் கொடுத்துவிட்டுத் தங்கள் ஜோடியைத் தேடுகிறார்கள். யாருடைய செருப்பு யாருடையதை உரசிக்கொண்டு கிடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.